சாவி கீழ்க்கடையில் இருக்கிறது

புரோகிராம் எழுதுவது என்பது, நாளெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்து நாம் செய்த தப்பை நாமே தேடிக் கண்டுபிடிக்கிற தொழில். கண்ணாடிக் கட்டடம், காபி மிஷின், கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் பெங்களூர்க்காரர்களுக்கு. எங்கள் கம்பெனி சேலத்தில் ஒரு ரெடிமேட் துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. கோழிப்பண்ணை, நூல் மில், போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். எழுதுவது நான், கவிதா, பிரபு. எங்களுக்கு மேலே முதலாளி. சார் என்று கூப்பிடுவோம். இதே மாதிரி ஏதோ ஒரு மாடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்னும் வரவில்லை.

தலைக்கு மேலே ஒரு கண்

ஒரு நாள் சார் எங்கள் தலைக்கு மேலே கேமரா மாட்டினார். திருட்டுப் பயமாம். அங்கே திருடுவதற்கு இருந்தது ஒரு தண்ணீர்க் கேனும் சில பழைய கம்ப்யூட்டர்களும்தான். அதற்கப்புறம் அவர் எங்கே போனாலும் போனில் எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நூல் மில் சாஃப்ட்வேரில் ஒரு சிக்கல். ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தர் வேலை நேரம் இன்னொருத்தர் பேரில் போய் விழுந்தது. எங்கே தப்பு என்று தெரியாமல், கன்னத்தில் கை வைத்து விட்டத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். விடை கிட்டத்தட்ட பிடிபட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சார் மேச்சேரியில் யாரோ கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளம் கேட்டது. பிடிபட்டது அப்படியே நழுவிப் போனது. அவர் சொன்னது இதுதான்: "ஏம்மா, ரொம்ப நேரமா கையே அசையலையே, சும்மாதான உக்காந்திருக்க? கீழ போயி கூரியர் வந்திருக்கான்னு பாத்துட்டு வந்துரு."

திருச்செங்கோட்டுப் பயணம்

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டிக்காரர் ஆபீசில் எங்கள் சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை என்று பஸ் ஏறிப் போனேன். ஆபீஸ் என்றால் பட்டறையின் ஒரு மூலை. பக்கத்திலேயே கம்ப்ரஸரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது அடைத்துப் போனது. கிரீஸ் பிசுக்கு ஒட்டிய ஸ்டூலில் உட்கார்ந்து தேடினேன். சாஃப்ட்வேர் தேதியையும் மாதத்தையும் மாற்றிப் படித்துவிட்டு அப்படியே நின்றிருந்தது. சரி செய்தேன். திறந்து காட்டினேன். ஒரு பில்லும் அடித்துக் கையில் கொடுத்தேன்.

ஓனர் நல்ல மனுஷர்தான். டீ வாங்கிக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என் பின்னாலேயே நின்று பார்த்தார். பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க அம்மணி, ரிப்பேர் பண்றவரு எப்ப வாராருங்க?"

ஆணியில் தொங்கிய சாவி

எங்கள் மாடியில் ஒரு கழிப்பறை உண்டு. அது எப்போதும் பூட்டியே இருக்கும். பைப் ரிப்பேர் என்பார் சார். நாங்கள் போக வேண்டுமென்றால் தரைத்தளத்தில், துணிக்கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குத்தான். அதன் சாவி கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். துணி எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே நுழைந்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சாவி கேட்க வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் சாவி எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

கவிதா அப்போது மாசமாக இருந்தாள். தினமும் பள்ளிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள். வயிறு பெரிதாக ஆக, படி இறங்கி ஏற முடியவில்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பிப் போகும். எங்கள் மாடிக் கழிப்பறையைத் திறந்துவிடும்படி நானும் சாரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவளே வாய்விட்டுக் கேட்டாள். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "படி ஏறி எறங்குனாத்தாம்மா சுகப்பிரசவம் ஆகும், டாக்டருங்களே அதைத்தான சொல்றாங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்த போன்

ஒரு மத்தியானம் கவிதாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே குளிர் நடுக்கம் வந்துவிட்டது. சிறுநீரை அடக்கி அடக்கி கிருமி தொற்றி, காய்ச்சல் ஏறிவிட்டது. முன்கூட்டியே வலி வந்துவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "புள்ளைக்கு ஒண்ணும் ஆயிறாதுல்லக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் அவள் போன் அடித்தது. சார். உடம்பை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி நான் எடுத்தேன். விசாரிக்கவும் செய்தார்: "இப்பப் பரவால்லைல்ல? நல்லது. அந்தக் கோழிப்பண்ணை பாஸ்வேர்ட மட்டும் கேட்டு வாட்ஸப்ல போட்டு விடும்மா, பார்ட்டி வந்து உக்காந்திருக்காரு."

பூட்டைக் கழற்றிய காலை

பிரபு அதிகம் பேச மாட்டான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மறுநாள் சார் வருவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு வந்து கழிப்பறைப் பூட்டைக் கொண்டியோடு கழற்றினான். உள்ளே குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது. பைப்புக்கு எந்த ரிப்பேரும் இல்லை. பழைய குண்டு மானிட்டர்களும் ஓடாத பிரிண்டர்களும்தான் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. இரும்புக்கடையில் நல்ல விலை வரட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார். அந்தக் குப்பைக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு கர்ப்பிணியை மூன்று மாடி இறக்கி ஏற்றினார்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் சார் ரூமில் வைத்தோம். மேஜை மேல், நாற்காலி மேல், வாசல் வரைக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியும் விட்டேன். சார் வந்தார். கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். இனிமேல் இந்தக் கதவில் பூட்டுத் தொங்கினால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்க மாட்டோம் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் மானிட்டர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மனசு புண்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒழிச்சுக் குடுத்திருப்பேனே."

கவிதாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அவள் திரும்பி வரவில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை. அவள் இடத்துக்கு ஆள் தேடி சார் கொடுத்த விளம்பரத்தில், என்ன வேலை என்று சொல்வதற்கு முன்னாலேயே, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வசதி உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்.