கோட்டின் அகலம்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. மடிக்கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது எங்கள் கிணறு. நிலத்தில் அது இருக்கும் இடத்தில் இல்லை. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பெரியப்பா மகனின் நிலத்துக்குள், ஒரு சிறு வட்டமாக இருந்தது.

மறு அளவைக்குப் பிறகு வந்த வரைவுப் படம் அது. ஆக்ஷேபம் இருந்தால் அந்த பிடிஎஃப்பிலேயே குறிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரரும் அதில் கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமல் திருத்திவிடுவார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணியோடு காலம் முடிகிறது. படம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று திறக்காமலே வைத்திருந்தேன். நாளிதழில் இருபத்திரண்டு வருஷம் பிழை பார்த்தவள் நான்.

பாகம் பிரித்த நாளிலிருந்து எல்லை கிணற்றின் நடுவே போகிறது. பெரியப்பா மகனான அண்ணாவுக்கு ஒரு நாள் தண்ணீர், எனக்கு ஒரு நாள். படம் இப்படியே உறுதியானால் என் மோட்டாரின் மின் இணைப்பு என் பெயரில் நிற்காது. இரண்டு ஏக்கர் நெல்லும் அவர் சொல்லும் நாளில்தான் நனையும். அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும், விசாரணை முடியும்வரை கிணறு அவருடையது.

உலாவியில் சிவப்புப் பேனாவை எடுத்து, இருப்பதிலேயே மெல்லிய கோட்டைத் தேர்ந்தேன். கிணற்றின் நடுவே இழுத்தேன். அழித்தேன். மறுபடி இழுத்தேன். மணி ஒன்பதே கால். அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்ண்ணா, ஒரு கையெழுத்து வேணுமுங்க."

"கெணத்துக்குக் கொண்டா அம்மிணி. எல்லைப் பேச்ச ஊட்டுக்குள்ள உக்காந்து பேசுனா வெளங்காது."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. எல்லையைப் பற்றி எல்லையில் நின்றுதான் பேசுவார்கள். வைஃபை கிணற்றடி வரை வராது. செல்போனிலிருந்து இணைப்பு எடுத்தேன். மாநில எல்லையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வயற்காட்டில் அது ஒரு நிமிடம் கேரளத்து டவரையும் அடுத்த நிமிடம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். அண்ணா வந்து சேர்ந்தபோது பத்து நாற்பது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாராம்.

மோட்டார் ரூமின் திண்டில் கணினியை வைத்தேன். வெயிலில் திரை கறுப்பாகத் தெரிந்தது. அவர் மனைவி, எங்கள் பேச்சில் நங்கை, குடையைப் பிடித்தார்.

அண்ணா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டைவிரலைத் திரையில் வைத்து, படத்தின் கீழே இருந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்.

"இதென்ன, கோடா வாய்க்காலா?"

"இதுக்கு மேல சன்னமா வராதுங்ண்ணா."

"ரெண்டடி வருது. இந்தப் பக்க ஓரம் எல்லையா, அந்தப் பக்க ஓரமா?"

பெரிதாக்கிக் காட்டினேன்.

"கோடும் சேந்தல்ல பெருசாகுது!"

அவர் சொன்னது சரி. நான் பார்த்திருக்க வேண்டிய பிழை. நடுவில் போகிறது என்று காட்ட நான் போட்ட கோடு, நடு எது என்பதையே மறைத்திருந்தது. பதினொன்று பத்து. அண்ணா கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து, "நாளைக்குப் பாக்கலாமா?" என்றார்.

"நாளைக்கு முடியாதுங்ண்ணா. பன்னண்டோட சரி."

"பத்து நாளு வெச்சுருந்துட்டு இன்னைக்கு என்னை முடுக்கற."

நங்கை குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு பேசினார்: "நீங்க ரெண்டு பேரும் கோட்டை அளந்துட்டே நில்லுங்க. எனக்குக் கை கடுக்குது. அங்க சோறு வேற தீயுது."

கோட்டை அழித்தேன். வட்டத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டு சிறு குறிகள் மட்டும் போட்டேன். ஓரத்தில், 'எல்லை கிணற்றின் நடுவில்' என்று தட்டினேன். அண்ணா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"ம். இது சரி. எங்க போடோணும்?"

கணினியின் டச்பேடில் விரலால் எழுதச் சொன்னேன். முதல் தடவை வெறும் புழு நெளிந்தது. இரண்டாம் தடவை இணைப்பு அறுந்து பக்கம் முதலிலிருந்து ஏறியது. நல்லவேளை, குறிகள் அப்படியே இருந்தன. மூன்றாம் தடவை கையெழுத்து விழுந்தது. அதை இழுத்துக் கீழே கட்டத்தில் வைக்க வேண்டும். நான் கை நீட்டினேன்.

"நானே வெக்கறேன்" என்றார்.

பதினொன்று நாற்பத்தொன்பது. விரல் நகர்ந்தது, நின்றது, ஒரு தட்டுத் தட்டியது. 'கையெழுத்து உறுதிசெய்யப்பட்டது. இனி மாற்ற இயலாது' என்று வந்தது. குடையை இழுத்து நிழலில் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தது.

"கை வழுக்கீருச்சு" என்றார் அண்ணா.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து தொடங்கினால் இன்னொரு கையெழுத்து வேண்டும்.

"இன்னொருக்கா போடுவீங்களாண்ணா?"

"போட்டாச்சல்ல அம்மிணி" என்று வரப்பில் இறங்கி நடந்தார். நங்கை குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பெற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அனுப்பிய பிரதியில் என் கையெழுத்து கீழே கட்டத்தில் இருக்கிறது. அண்ணாவுடையது கிணற்றின் மேல் இருக்கிறது. கிணறு தெரியவில்லை.