கரீம் பாட்சா போட்ட இடது பானெட்

சொந்தப் பட்டறை அமைந்தபோது கரீம் பாட்சாவுக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன் பதினான்கு வருஷம் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய கராஜில் டிங்கர் வேலை. இடிபட்ட மட்கார்டை நிமிர்த்துவார். துருத் தின்ற தகட்டை வெட்டியெடுத்துவிட்டு, பழையது எது புதியது எது என்று தெரியாதபடி வேறு தகடு வைப்பார். கை அவருடையது, பெயர் கராஜ் முதலாளி மிஸ்திரிக்கு. யுத்தம் முடிந்த வருஷம் ஒரு நாள் தம் சுத்தியல்களைச் சாக்கில் கட்டினார். "இனிமே எம்பேர்லயே தட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஆறு மாதத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்பாய் என்றார் மிஸ்திரி.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். முதல் வண்டி மாட்டுங்காவிலிருந்து வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பெரிய உத்தியோகத்திலிருந்த வேங்கடசுப்ரமணியனுடைய ஆஸ்டின் கார் அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த நாள் முதல் நாலு வருஷமாக அவர் வீட்டுக் காம்பவுண்டில் அசையாமல் நின்ற வண்டி. அந்தக் கார்களுக்கு இன்ஜினை மூடும் பானெட் நடுவில் கீல் வைத்து இரண்டு பாதியாகத் திறக்கும். வலது பாதி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. இடது பாதியில் மாவு சலிக்கலாம்.

துரு எப்போதும் உள்ளே தண்ணீர் தங்கி, அடியிலிருந்துதான் மேலே வரும். இது மேலிருந்து கீழே அரித்திருந்தது. கரீம் பாட்சா அதைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். முதல் வண்டி வந்த சந்தோஷத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

தகடு கடையில் கிடைக்காத காலம். பட்டாளத்தார் கழித்துப் போட்ட பெட்ரோல் பீப்பாய் ஒன்றை வாங்கிப் பிளந்தார். மணல் மூட்டைமேல் போட்டு, மரக் கொட்டாப்புளியால் ஒரு வாரம் தட்டி வளைவு எடுத்தார். கடைசிப் பரிசோதனை அவர் மனைவி மதீனா பீவியுடையது. அவள் பத்தமடைக்காரி, கல்யாணம் ஆகும்வரை கோரைப்பாய் நெய்த விரல்கள். கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தடவினாள்.

"இங்கன ஒரு மேடு நிக்கி."

"எங்கன? எங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"கண்ணு என்னத்தப் பார்க்கும்? தட்டுங்க."

தட்டினார். அவள் சரி என்ற பிறகே வர்ணம் ஏறியது.

காரைக் கொண்டுபோய் விட்டபோது மாட்டுங்காவில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டு ஜம்புவின் காருக்கும் மட்கார்டு நசுங்கிக் கிடந்தது. "அவசரமில்லே பாய். இது ஒரு கோடை தாங்கட்டும், அப்புறம் என்னோடதைத் தரேன்" என்றார் ஜம்பு. அந்தத் தெருவில் இன்னும் நாலு கார்கள் ஜம்புவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. கரீம் பாட்சாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜம்பு வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால் சாக்கைத் தூக்கிக்கொண்டு மிஸ்திரி வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

மே மாதம் ஆள் வந்தது. இடது பானெட் மறுபடி துருப்பிடித்துவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே வரவேண்டுமாம்.

போனார். வேங்கடசுப்ரமணியன் பனியனோடு காருக்குப் பக்கத்தில் நின்றார். கூடவே ஜம்பு.

"என்னய்யா பாய், உன்னை நம்பித்தானே குடுத்தேன்? நாலு மாசம் ஆகலை. பீப்பாத் தகரத்தை வெச்சு ஏமாத்திட்டியே."

பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வர்ணம் கொப்பளித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. கரீம் பாட்சா அடிப்பக்கம் தடவினார். சுத்தம். மேலே இருந்த பொருக்கைச் சுரண்டி, விரலை நாக்கில் வைத்தார்.

"ஐயையே, துருவையா நக்கறே?" என்றார் ஜம்பு.

"உப்பு கரிக்கி, சாமி."

"கடல் காத்துன்னு கதை விடாதே. என் கார் இருபது அடி தள்ளித்தான் நிக்கறது. அதுக்கு ஒண்ணும் ஆகலையே."

கரீம் பாட்சா குனிந்து பானெட்டை மோந்து பார்த்தார். புளித்த மோர் வாசனை. நிமிர்ந்தார். முதல் மாடி பால்கனியில் வேங்கடசுப்ரமணியனின் மனைவி அம்மிணி. அவள் காலடியில் வெள்ளைத் துணியில் பரப்பிய மோர்மிளகாய். மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

விஷயம் முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது. சொன்னால் பட்டறை பிழைக்கும். ஆனால் தெருவில் நாலு பேர் நடுவே ஒரு வீட்டு அம்மாளை எப்படிக் காட்டிக்கொடுப்பது? தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற தகடு போட்டுத் தாரேன், சாமி" என்றார்.

"பார்த்தேளா, தப்பு தன்னோடதுன்னு ஒத்துண்டுட்டான்" என்று ஜம்பு ஆரம்பித்தார்.

"ஏன்னா" என்று மேலிருந்து குரல் வந்தது. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ. நான்தான்."

"என்ன நீதான்?"

"கார் அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் சும்மாத்தானே நிக்கறது. மொட்டை மாடின்னா காக்காய் விடறதில்லை. பானெட்னா இடது பக்கம் வெயில் விழுந்து சுடச்சுட இருக்கும், மோர்லேர்ந்து எடுத்துப் போட்டா ரெண்டே நாள்ல காஞ்சுடும். நீங்க எட்டு நாற்பது ரயிலுக்குப் போனப்புறம் போட்டு, வரதுக்குள்ள எடுத்துடுவேன். தகரத்தைத் தின்னும்னு எனக்கெப்படித் தெரியும்?"

வேங்கடசுப்ரமணியன் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நாலு வருஷமா தயிர் சாதத்துக்கு நான் காரைத்தான் தொட்டுண்டிருக்கேனா?"

முதலில் சிரித்தது ஜம்பு. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். அம்மிணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எந்தப்பும் இருக்கு, சாமி" என்றார் கரீம் பாட்சா. "மேலருந்து அரிச்சிருக்கேன்னு அன்னிக்கே பார்த்தேன். வாயத் தொறந்து கேட்டிருக்கணும். இத நான் சும்மாவே சரி பண்ணித் தாரேன்."

அந்த வாரமே பொருக்கைச் சுரண்டித் தேய்த்து, வர்ணம் அடித்துக் கொடுத்தார். வரும்போது கைவண்டியில் இன்னொன்றும் கொண்டு வந்தார். முதலில் வெட்டியெடுத்த பழைய இடது பானெட். காம்பவுண்டில் வெயில் விழும் மூலையில் நாலு செங்கல் வைத்து அதை அதன்மேல் கிடத்தினார். ஓட்டைகள் தெரியாமல் மதீனா பீவி கொடுத்தனுப்பிய கோரைப்பாய்த் துண்டை விரித்தார்.

"அம்மா, இதுல போடுங்க. அதே சூடு இருக்கும்."

அம்மிணி ஒரு ஜாடி மோர்மிளகாய் கொடுத்தாள். அன்று மத்தியானம் மதீனா பீவி அதில் நாலை எண்ணெயில் பொரித்துக் கஞ்சிக்கு வைத்தாள். "ஒரு பானெட்ட தின்னிருக்குன்னா சும்மாவா, நல்ல காரம்தான்" என்றாள்.

திங்கட்கிழமை ஜம்பு தாமே காரை ஓட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தார். நசுங்கிய மட்கார்டைக் காட்டினார். கரீம் பாட்சா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மட்கார்டு பக்கம் போகவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து, முதலில் பானெட்டை மோந்து பார்த்தார்.