பெட்ரோல் டேங்குக்குப் போட்ட பூட்டு

எழுபதுகளில் நான் மீன் வண்டி ஓட்டினேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். அங்கிருந்து செங்கல்பட்டு ரயிலடி வரைக்கும். விடியும்போது கூடை ஏற்றுவோம். ரயில் வருவதற்குள் பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ரயில் போய்விட்டால் மீனும் போச்சு. உமி போட்டு மூடினாலும் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்.

வண்டி பட்டாளத்து ஏலத்தில் வந்த பெட்ரோல் வேன். கிட்டத்தட்ட என் வயசு இருக்கும் அதற்கு. மழைக்காலத்தில் ஹாண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் வழியில் நிற்காது. அப்படித்தான் வருஷக்கணக்காக ஓடியது.

முதலாளி அந்தக் குப்பத்துக்காரர். படகுக்காரர்களிடம் மீன் எடுத்து ரயிலேற்றுகிறவர். நான் திருக்கழுக்குன்றத்துப் பக்கம், நெல் பயிர் வைக்கிற குடும்பம். குப்பத்தில் எனக்குச் சொந்தம் ஒருத்தரும் இல்லை. என் பேச்சுக்கு வண்டிதான் சாட்சி. அது ஓடுகிறவரை நான் நல்ல டிரைவர்.

பெட்ரோல் விலை திடீரென்று ஏறியது. விலை ஏறியதும் முதலாளிக்குச் சந்தேகமும் ஏறியது. பங்க்கில் டிரைவர்கள் ஏதோ கமிஷன் வாங்குகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பங்க்கில் பெட்ரோல் போடக் கூடாது. அவரே கூட வந்து டிரம்மில் வாங்குவார். டிரம்மைக் குப்பத்தில் அவர் வீட்டுக் கொட்டகையில் இறக்குவோம். தினம் காலையில் அவருடைய மச்சான் டிரம்மில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சி டேங்குக்கு இறக்கிவிடுவான். நான் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. அதற்கு முன் சாராயக் கடையில் ஊற்றிக் கொடுக்கிற வேலை. கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்ததும் வேலை போய் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

கொஞ்ச நாளில் வண்டி திணறத் தொடங்கியது. மேட்டில் இருமும். இரண்டு தடவை நின்று பிறகு கிளம்பியது. மூன்றாம் தடவை திருக்கழுக்குன்றம் தாண்டி நின்றது, கிளம்பவில்லை. ரயில் போய்விட்டது. கூடையிலிருந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது.

முதலாளி வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாசனை இருக்கிறதா என்று. பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கிற டிரைவர்கள் அப்போது உண்டு. அது எனக்கும் தெரியும். கையை இழுத்துக்கொள்ளவில்லை. மோந்து பார்க்கட்டும் என்று விட்டேன்.

எனக்குப் பங்க்காரன் மேல்தான் சந்தேகம். அடுத்த முறை செங்கல்பட்டு போனபோது கலப்படம் உண்டா என்று கேட்டேன். அவன் சிரித்தான். ஒரு துண்டு நியூஸ்பேப்பரைக் கிழித்து நீட்டினான்.

"நீயே பாத்துக்கோ நைனா."

பெட்ரோல் சொட்டு விட்டால் காய்ந்து சுத்தமாகப் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். விட்டுப் பார்த்தேன். கறை இல்லை. அப்போதும் நம்பவில்லை. நமக்குக் காட்ட ஒரு பெட்ரோல், ஊற்ற ஒரு பெட்ரோல் வைத்திருப்பான் என்று நினைத்தேன்.

குப்பத்துக்கு வந்து யாரும் இல்லாத நேரம் கொட்டகை டிரம்மிலிருந்தும் மேலாக ஒரு சொட்டு எடுத்து விட்டுப் பார்த்தேன். அதிலும் கறை இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. பிறகு வண்டி ஏன் நிற்கிறது.

முதலாளி டேங்க் மூடிக்கு ஒரு கொக்கி வைத்துப் பூட்டுப் போட்டார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். வருகிறவர் போகிறவரெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்தார்கள். கூடை ஏற்றுகிற பெண்கள் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்கள். பூட்டுப் போட்ட வாரத்திலும் வண்டி நின்றது. இப்போதாவது புரியும் என்று இருந்தேன். அவர் வேறு கணக்குப் போட்டார்.

"பூட்டு உங்க ஊர்க் கடையில வாங்கினது. கள்ளச் சாவி போட எத்தினி நேரம் ஆவும்?"

ஹாண்டிலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனேன்.

அதே வாரம் அவர் என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வண்டியில் இருந்த நேரம். தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். ரேஷன் மண்ணெண்ணெய் மாசம் முழுக்க வருகிறதா என்று என் மனைவியைக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்.

"உங்க மொதலாளி இன்னாத்துக்கு நம்ம வூட்டு டின்னத் தூக்கிப் பாக்கறாரு?"

வண்டிக்கு என்று சொன்னேன். அவள் டின்னை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து நான் எல்லாரையும் பார்க்க ஆரம்பித்தேன். ஐஸ்காரன், கூடை ஏற்றுகிறவர்கள், முதலாளி, எல்லாரையும். ஒருநாள் காலை மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டியூபை உறிஞ்சினான். பெட்ரோல் வாயில் பட்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். துப்புவார்கள், திட்டுவார்கள், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தேடுவார்கள். இவன் துப்பவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு டியூபை டேங்கில் சொருகினான்.

அன்று வண்டி புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே இருமியது. ஓரம் கட்டினேன். என்ஜினில் பெட்ரோல் இழுக்கிற பம்புக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அழுக்கு தங்குகிற இடம். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே கொஞ்சம் பெட்ரோல். கீழே வேறொன்று, தண்ணீர் மாதிரி, நடுவே கோடு போட்டது போல் பிரிந்து நின்றது. பம்பின் ரப்பரைத் தொட்டேன். உப்பிக் கொழகொழவென்று இருந்தது.

ஐஸ் தண்ணீர் எப்படியோ இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே நின்ற பெட்ரோலை வடித்துவிட்டு அடியில் இருந்ததை மோந்தேன். பிறகு வண்டி நிழலில் ரோட்டில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி கிழித்தேன். பற்றிக்கொண்டது. தண்ணீர் பற்றாது.

மிச்சத்தை ஒரு சோடா பாட்டிலில் பிடித்தேன். அடுத்தடுத்து வண்டி நின்றபோதும் கிண்ணத்தின் அடியில் இருந்ததை அதிலேயே சேர்த்தேன். துணி வைத்து அடைத்து சீட்டுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள். அந்தப் பாட்டிலில் நானே ஊற்றிக்கொண்டு வந்தேன் என்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய லோடு கெட்டது. வஞ்சிரம். படகுக்காரர்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைக் காட்டினார். விஷயம் நாட்டாரிடம் போனது. நாட்டார் என்றால் அந்தக் குப்பத்துத் தலைவர். அங்கே திருட்டு, பொய் என்று வந்தால் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் தப்பு செய்தவன். நான் வெளியூர்க்காரன், ஆனால் வண்டி அவர்களுடையது, மீன் அவர்களுடையது. மாட்டேன் என்றால் அந்தக் கரையில் ஒருத்தரும் எனக்கு ஸ்டியரிங் தர மாட்டார்கள். செங்கல்பட்டு வண்டி ஸ்டாண்டுக்கும் சேதி போய்விடும்.

சத்தியம் பண்ண எனக்குப் பயமில்லை. பண்ணின மறுநாள் வண்டி நின்றால் அம்மனே காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். அதுதான் யோசனை.

மத்தியானம். கோயில் கீற்றுக் கொட்டகை, உள்ளே நிழல். எதிரே மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசியது. படகுக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள், முதலாளி, தூணைப் பிடித்துக்கொண்டு மச்சான். வெற்றிலையில் கற்பூரம் வைத்து ஏற்றினார்கள். மஞ்சளாகப் புகைவிட்டு எரிந்தது.

நான் அணைக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு முன்னால் வண்டி வயிற்றிலிருந்து எடுத்தது ஒன்று இருக்கிறது, அதையும் அம்மன் முன்னால் ஏற்ற வேண்டும் என்றேன். நாட்டார் தலையசைத்தார். ஒரு கொட்டாங்கச்சி கேட்டேன். பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றினேன். கற்பூரத்திலிருந்தே நெருப்பு எடுத்து வைத்தேன்.

முதலில் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பெட்ரோல். அது தீர்ந்ததும் நீலமாகிவிட்டது. புகை இல்லை. கொட்டாங்கச்சியின் ஓரத்தில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தீயை அங்கே எல்லாருக்கும் தெரியும். சாராயச் சரக்கு கெட்டியா, தண்ணியா என்று பற்ற வைத்துப் பார்த்து வாங்குகிற ஊர். கடைகள் மூடிய பிறகு இன்னும் கவனமாகப் பார்க்கிற ஊர்.

கூடை தூக்குகிற அம்மாள் ஒருத்தி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள்.

"இது வண்டிக்கு ஊத்தறது இல்ல. மனுசனுக்கு ஊத்தறது."

பின்னால் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் மணலைப் பார்த்தான்.

கடை மூடினபோது மிச்சமிருந்த சரக்கை அவன் கொண்டுவந்து எங்கோ புதைத்து வைத்திருக்கிறான். போலீஸ் சவுக்குத் தோப்பு மண்ணையெல்லாம் கம்பியால் குத்திப் பார்க்கிறார்கள் என்றதும் பயம் வந்துவிட்டது. கொட்டவும் மனசில்லை. பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு டிரம்மில் அந்த இடத்துக்கு இதை ஊற்றியிருக்கிறான். இது கேட்டுக் கேட்டு வெளியே வந்தது. கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

"எரியறது எல்லாம் ஓடும்னு நெனச்சேன் மாமா."

"தண்ணி கலந்தியா?" என்று முதலாளி கேட்டார்.

"நான் இப்ப கலக்கல. அது கடையிலயே கலந்தது."

கடை வழக்கம். வந்த சரக்கை நீட்டித்தான் விற்பார்கள். சுத்தமான ஸ்பிரிட்டாக இருந்திருந்தால் பெட்ரோலோடு கலந்து வண்டி எப்படியோ ஓடியிருக்கும். ரப்பர் மட்டும் போயிருக்கும். தண்ணீர் சேர்ந்த சரக்கு பெட்ரோலோடு சேராது. அடியில் போய் நிற்கும். டிரம்மில் விடுகிற டியூப் அடியிலிருந்துதான் எடுக்கும்.

நாட்டார் எழுந்து காலால் மணலைத் தள்ளிக் கொட்டாங்கச்சியை மூடினார்.

"டிரைவர் மேல தப்பு இல்ல. இங்க எரிஞ்சது இன்னான்னு யாரும் வெளிய பேசக் கூடாது. போலீஸ்காரன் வண்டிய மட்டும் பாக்க மாட்டான், எல்லார் வூட்டையும் பாப்பான்."

அவ்வளவுதான். எல்லாரும் கலைந்தார்கள். கற்பூரம் தானாக எரிந்து அணைந்திருந்தது. நான் அணைக்க வேண்டி வரவில்லை.

முதலாளியோடு வண்டிக்கு நடந்தேன். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். நானும் எதிர்பார்க்கவில்லை. டேங்க் பக்கம் நின்று அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். பூட்டைத் திறந்து எடுத்துக் கடல் பக்கமாகக் கையை ஓங்கினார்.

"வேணாம். பூட்டு இருக்கட்டும்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"சாவி எங்கிட்ட இருக்கட்டும். டிரம்மையும் நானே ரொப்பறேன்."

ஓங்கின கையை இறக்கினார். பிறகு பூட்டை மறுபடியும் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியை என் கையில் வைத்தார்.

பம்புக்கு ரப்பர் மாற்றினேன். டேங்கைக் கழற்றிக் கழுவினேன். வண்டி பழையபடி ஓடியது. மச்சான் சில நாள் கழித்துக் கூடை ஏற்ற வந்தான். அண்ணாத்த என்று கூப்பிட்டான். கூடையை வாங்கி ஏற்றினேன். டியூபை மட்டும் அவன் கையில் தரவில்லை.

தினம் காலையில் டேங்க் நிரப்பும் முன் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ஊற்றித் தள்ளி வைத்துப் பற்ற வைப்பேன். மஞ்சளாகப் புகைவிட்டு எரிந்தால்தான் டேங்குக்குப் போகும். முதலாளியும் வந்து நிற்பார். தீயைப் பார்ப்பார், பிறகு பூட்டை, பிறகு என் கையை. நானும் அவரைப் பார்ப்பேன். அந்த வண்டியை விற்கிற வரைக்கும் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.