பஞ்சுக்கைக்காரரின் வலது கன்னம்

முடிதிருத்துபவருக்குத் தன் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. கத்தி பட்டதே தெரியாமல் சவரம் செய்கிறார் என்று வாடிக்கையாளர் யாரோ ஒருமுறை அவரைப் 'பஞ்சுக்கை' என்றார். சொன்னவர் மறந்துவிட்டார், இவர் மறக்கவில்லை. மறப்பதெல்லாம் சர்க்கரை நோய்க்கான ஊசியைத்தான். அது வலிக்குமாம். ஊரார் கழுத்தில் கத்தி வைப்பவருக்கு ஊசியென்றால் உதறல்.

மூக்கடைப்பும் தலைவலியுமாக இருந்த ஒரு காலையில், வீட்டுக் கண்ணாடி முன் தன் முகத்தைச் சவரம் செய்து முடித்துத் திரும்பினார். வலது கன்னத்தில் ரத்தம் வழிந்தது.

"ஐயோ, அறுத்துக்கிட்டீங்களே!" என்றாள் மனைவி.

"அப்படியா? எனக்கே தெரியலை பார்த்தியா! கைன்னா இதான் கை."

மனைவி கிட்டே வந்து அந்தக் கன்னத்தைக் கிள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள் போல அழுத்தியே கிள்ளினாள். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடையில் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் இருவராகத் தெரிந்தார். எந்தத் தலையை வெட்டுவதென்று தெரியாமல் கத்தரியைக் கீழே வைத்தார். அவருடைய வலது இமை தொங்கியிருந்தது. "வியாபாரம் ரெட்டிப்பாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார். மனைவி சிரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா கன்னத்தில் ஊசிமுனையால் குத்தினார். "வலிக்குதா?"

"சுத்தமா இல்லைங்க," என்றார், முழு மார்க் வாங்கிய தோரணையில். டாக்டரம்மாவின் முகம் வாடியது. மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய சதை கரியாக இருந்தது.

ஸ்கேனுக்கு முன் நரம்பில் சாயம் ஏற்ற வேண்டுமென்றார்கள். "சாயம் போடற எனக்கே சாயமா?" என்றார்.

பிறகு டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "ரத்தம் ஓடற சதை சாயத்தை வாங்கிப் பளிச்சுனு தெரியும். இந்தப் பக்கம் பாருங்க, ஒரே இருட்டு. சர்க்கரை ஏறிக் கிடந்ததால மூக்குல பூஞ்சை பிடிச்சு, ரத்தக்குழாயை அடைச்சு சதையைச் சாகடிச்சிருக்கு. கன்னம் மரத்ததும் அதனாலதான். கண்ணுக்குப் பின்னாலயும் பரவ ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வீடு மூளை. அங்கே இன்னும் போகலை. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"வலியே இல்லையே, நாளைக்கு..."

"நாளைக்குன்னா கண்ணையும் எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் உயிர்."

அவர் வலது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒற்றைக் கண்காரரை நம்பி யார் கழுத்தை நீட்டுவார்கள்?

செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். பூஞ்சைக்கான மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சர்க்கரை ஊசியை நர்ஸ் வேளை தவறாமல் குத்தினாள். முகத்தைச் சுளித்தாரே தவிர மறுக்கவில்லை. அடுத்த ஸ்கேனில் மூளைப் பக்கம் சுத்தமாக இருந்தது. கண் பிழைத்ததா என்பதைக் கட்டுப் பிரித்தால்தான் சொல்ல முடியும்.

பிரித்தார்கள். மனைவி அவருடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "நான் தெரியறேனா?"

பாதி தொங்கிய வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்தார். மனைவி இன்னும் கிட்டே குனிந்தாள்.

"தெரியறே," என்றார் கடைசியில். "வகிடு கோணலா இருக்கு. யாரு எடுத்தா?"

"கையை எடுக்கட்டுமா?"

"கொஞ்சம் இரு. இன்னும் பார்த்துக்கறேன்."