மாப்பிள்ளைத் தோழனும் இறுதிப்போட்டியும்

அமெரிக்காவில் என் மகன் படித்த சின்னக் கல்லூரி, அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக அமெரிக்கன் புட்போல் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்குத் தெரிவானது. அவனும் அந்த அணியில் இருந்தான். போட்டி நடக்கும் அதே சனிக்கிழமைதான் இங்கே சுவிஸில், டீட்டிகோனில் அவன் அக்காவுக்குக் கல்யாணம்.

“அக்கா குறை நினைக்கமாட்டா அப்பா. மட்ச் முடிய வாறன்” என்றான்.

மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவரப் பெண்ணின் தம்பிதான் தோழனாக நிற்க வேண்டும். வேறு யாரும் நின்றால் சனம் என்ன கதைக்கும்? அந்தப் பயத்தில், “அம்மாவுக்கு நெஞ்சுநோ, ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. உடனே வா” என்று பொய் சொன்னேன்.

ஓடி வந்தவன் கண்டது, குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த தாயை. என்னை ஒரு தரம் பார்த்தான். சனிக்கிழமை வேட்டி கட்டி, மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். அங்கே அவன் அணி தோற்றது.

அவன் திரும்பிப் போகுமுன் கல்லூரியிலிருந்து ஓர் அட்டை வந்தது. அம்மா விரைவில் குணமடைய வேண்டுமென்று அணியினர் எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

“எனக்கென்ன வருத்தம்?” என்று மனைவி திகைத்தாள்.

நான் குனிந்தபடி நின்றேன். மகன் மெதுவாக என்னிடம் சொன்னான்: “அவங்களுக்கு நான் உண்மையைச் சொல்லேல்லை. உங்களைக் கேவலமா நினைப்பாங்கள்.”

இப்போது மனைவிக்கு உண்மையிலேயே நெஞ்சுநோ. அவனுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுக்கிறேன், வாய் வருகுதில்லை.