மதினி வடிகட்டிய தண்ணீர்

தொண்ணூறுகளில், அதுவும் குடிதண்ணீருக்கே அலையும் கோவில்பட்டியில் மீன் வளர்க்க ஆசைப்பட்டது என் கிறுக்குத்தனம்தான். ஒருநாள் ஒரு மீனின் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மீன் விற்ற பாயிடம் ஓடினேன்.

"தொத்து நோய்ம்மா. தனியாப் போடுங்க. அந்தத் தண்ணி ஒரு சொட்டுகூட மத்த மீன்மேல படக்கூடாது."

வாளியில் தனியாக விட்டேன். காலையில் செத்துக் கிடந்தது. மீனை மட்டும் எடுத்துப் புதைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்தால் வாளி காலி. மீன் தொட்டி தளும்பி நிற்கிறது. விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்த மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, சிரித்தார்.

"தொட்டியில தண்ணி கொறஞ்சு கெடந்துச்சு. வாளியில நல்ல தண்ணி சும்மா இருந்துச்சு. துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்."

"ஊத்துறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா மதினி?"

"ஏட்டி, தண்ணியக் கீழ கொட்டணும்னாத்தான் கேக்கணும்."

விருந்தாளியை என்ன சொல்ல? பாத்திரங்களை உருட்டினேன்.

அந்த வாரமே எல்லா மீனும் போயின. எரிச்சலோடு தொட்டித் தண்ணீரை வாளியில் முகந்து சாக்கடைக்குக் கொண்டுபோனேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. வாளியைச் சாய்க்கக் கை வரவில்லை. திட்டிக்கொண்டே திரும்பி, கடைசிச் சொட்டுவரை முருங்கைக்கு ஊற்றினேன்.

யாரைத் திட்டினேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.