அபூனா பக்கூம் யாருக்கும் புத்தி சொல்லாத மூன்று நாள்

மல்லாவியில் எங்கள் கோவில் குருவானவர், அரபியில் 'அபூனா' (எங்கள் தந்தை) என்று நாங்கள் அழைக்கும் பக்கூமின் கைப்பேசி பத்தொன்பது வருடமாக அணைந்ததே இல்லை. கல்யாணப் பேச்சு, பங்காளிச் சண்டை, எருமைக்குக் காய்ச்சல், எதுவானாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான். போன தவக்காலப் பெரிய நோன்பில் ஒரு ஞாயிறு, பலிபீடத்தின் முன் கைகளை உயர்த்தி, கண்களை மூடி, உருக்கமாக, "ஹலோ, யாரு பேசறது?" என்றார். பாடகர்கள் பழக்கதோஷத்தில் "ஆமேன்" என்று இழுத்துப் பாடிவிட்டார்கள்.

எங்கள் சபையில் குருக்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம்; வீட்டில் மனைவி இனாயாத் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ப் பாவத்தையெல்லாம் உக்காந்து கேக்கறீங்களே, உங்க பாவத்தை எப்பப் போய்ச் சொன்னீங்க?"

"போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தி."

"அப்ப மூட்டை பெருசாத்தான் இருக்கும். கெளம்புங்க!"

கைப்பேசியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் துறவி சரபாமோன் மலையடிவார மடத்தில் இருந்தார். இவரைவிட நாலு வயது இளையவர். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: "மூணு நாளைக்கு யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது."

முதல் நாளே மடத்துச் சமையல்காரரிடம் அவரைக்கொட்டையை வேகவைப்பது எப்படி என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார் பக்கூம்.

இரண்டாம் நாள் காலை, எங்கள் ஊர் உம் கத்தாஸ் என்ற பெண்ணும் அவள் கொழுந்தன் ஃபஹீமும் பக்கூமைத் தேடி ஒரே வேனில் அடித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். புறாக்கூண்டுக் கோபுரம் யாருக்கு என்பது வழக்கு.

"அவர் ஜெபத்துல இருக்காரு. உக்காருங்க" என்றார் சரபாமோன்.

முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்து கத்தினார்கள். ஜன்னலுக்குள் பக்கூம் ஐந்து முறை எழுந்தார். சரபாமோன் ஐந்து முறையும் தோளை அழுத்தி உட்காரவைத்தார். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் இருவருக்கும் தொண்டை வற்றியது.

"கோபுரத்தை நீயே வெச்சுக்க அண்ணி. குஞ்சுல பாதி எனக்கு."

"எடுத்துக்கிட்டுத் தொலை."

தேநீர் குடித்துவிட்டுப் போயே போய்விட்டார்கள்.

பக்கூமின் முகம் தொங்கிவிட்டது. "எனக்கு ஒரு சலாம்கூடச் சொல்லலியே!"

"சண்டை தீந்துச்சில்ல?"

"பன்னண்டு வருஷமா நான் தீத்து வெக்கிற சண்டை அது! நான் இல்லாம எப்படித் தீரும்?"

சொன்னது தன் காதிலேயே விழுந்தது. மெல்ல முழந்தாளிட்டார். "ஃபாதர்... முதல்ல இதை மன்னிக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேளுங்க."

சரபாமோன் அவர் தலையில் சிலுவையை வைத்தார்; சிரிப்பை அடக்க முடியாமல் சிலுவை குலுங்கியது. அன்று மாலை பக்கூம் சங்கீதம் படித்தார். எந்த நோயாளிக்காகவும் எந்த மாப்பிள்ளைக்காகவும் அல்ல, தனக்காக. பாதியில் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

இப்போது மாதம் ஒருமுறை மடத்துக்குப் போய்விடுகிறார். மனைவியோடு சண்டை என்று ஊருக்குள் பேச்சு. பெண்கள் பரிதாபப்பட்டு இனாயாத்துக்கு வறுத்த வாத்தும் நெய் ரொட்டியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் இன்றுவரை மறுக்கவில்லை.